பேட்டரி வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்முறையாக பைக்கோ காரோ வாங்கியவர்களுக்கும், வீட்டில் இன்வெர்ட்டர் வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பேட்டரியை யாரும் நிதானமாக உட்கார்ந்து யோசித்து வாங்குவதில்லை. காலையில் செல்ஃப் எடுக்காது, வேலைக்கு நேரமாகிவிட்டிருக்கும், எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே எடுத்துக் கொடுப்பதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்த அவசரத்தில் கேட்காமல் விட்டது, பேட்டரி கெட்டு வாரன்டிக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். "கார்டில் சீரியல் நம்பரே எழுதலையே, நாங்க எப்படி மாத்தித் தர முடியும்?" என்று சர்வீஸ் சென்டரில் என்னிடம் கேட்டார்கள். எழுதித் தர வேண்டியது விற்ற கடைக்காரர். கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நடுவில் அலைந்தது நான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நம் மாவட்டத்தில் பேட்டரிக்கு இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. ஒன்று, நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையெங்கும் வீசும் உப்புக் காற்று. மற்றது, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொண்டுவரும் ஈரம். வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இவை இரண்டும் இருப்பதில்லை.

1. கெட்டது பேட்டரிதானா என்று முதலில் பாருங்கள்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் "பேட்டரி போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பானட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பேட்டரி நன்றாகவே இருக்கும், கரண்டு பாய வழி இருக்காது. இரண்டு கிளாம்பையும் கழற்றிவிட்டு (எதை முதலில் கழற்றுவது என்று கீழே சொல்கிறேன்), வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு பூத்ததெல்லாம் கரையும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து, கிளாம்பை இறுக்கி மாட்டுங்கள். வண்டி எடுத்துவிட்டால் பேட்டரிச் செலவு மிச்சம்.

அடுத்தது வோல்ட். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். இந்தக் கட்டுரையில் நான் செய்யச் சொல்லும் செலவுகளில் மிகவும் பயனுள்ளது இதுதான். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. வண்டியை ஓட்டிவிட்டு வந்த உடனே அளக்காதீர்கள், அப்போது கூடுதலாகக் காட்டும்.

பிறகு இன்ஜின் ஓடும்போது அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையே இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.5-தான் காட்டுகிறதென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பைக்கில் என்றால், சார்ஜைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையரைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் புதுப் பேட்டரி மாட்டினால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும், பழி பேட்டரிமேல் விழும். ஓடும்போது 15-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான், பேட்டரி வெந்து போகும்.

கடைசியாக, செல்ஃப் அடிக்கும் அந்த நேரத்தில் இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் இருந்த பேட்டரி அந்த நொடியில் 9.6-க்கும் கீழே விழுந்தால், அதற்கு வயதாகிவிட்டது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பெரும்பாலான பேட்டரிக் கடைகளில் லோடு டெஸ்ட்டர் (பேட்டரிக்குப் பாரம் கொடுத்துச் சோதிக்கும் கருவி) இருக்கிறது, சும்மாவே பார்த்துச் சொல்வார்கள். முடிந்தால் பேட்டரி விற்காத ஒரு வொர்க்‌ஷாப்பிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும்

வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், அல்லது பழைய பேட்டரியின் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்து வையுங்கள். கவனிக்க வேண்டியவை: ஏ.எச். எனப்படும் ஆம்பியர் அவர் அளவு (பேட்டரி எவ்வளவு சார்ஜைச் சேமித்து வைக்கும் என்பது), பெட்டியின் நீள அகலம், பிளஸ் முனை வலப்பக்கமா இடப்பக்கமா என்பது. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே 35 ஏ.எச். பேட்டரியிலேயே 35 எல், 35 ஆர் என்று இரண்டு வகை வரும். மாறிப்போனால் வயர் எட்டாது. வயரை இழுத்துக் கட்டி, "ஒண்ணும் ஆகாது" என்று அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

சிக்னலில் நின்றால் தானாக அணைந்து, கிளட்ச்சை மிதித்ததும் எடுத்துக்கொள்ளும் கார் என்றால், அதற்கென்றே தயாரித்த ஐ.எஸ்.எஸ். வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரியைவிட விலை கூடுதல்தான். ஆனால் சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும்.

ஏ.எச். கொஞ்சம் கூட்டிப் போடலாமா என்று கேட்பார்கள். காரில் அதே இடத்தில் அடங்கும் என்றால் ஓரளவு கூடினால் தவறில்லை. பைக்கிலும் ஸ்கூட்டரிலும் வேண்டாம், கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள்.

விலை, சிறிய பெட்ரோல் காருக்குப் பழைய பேட்டரியைக் கொடுத்தபின் மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் வரும். ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள். டீசல் வண்டிக்கு இன்னும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 18 சதவீதம்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

3. தேதியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஈய அமிலப் பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் முழு பலம் திரும்பாது. தயாரித்து மூன்று மாதத்துக்குள் என்றால் நல்லது. ஆறு மாதம் தாண்டியதை எனக்குத் தெரிந்தவர் யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேதியைச் சில கம்பெனிகள் நேராகவே அச்சடிக்கும், சில குறியீடாகப் போடும். குறியீடு என்றால் கடைக்காரரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடவே அங்கேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். புதுப் பேட்டரி 12.4-க்குக் கீழே காட்டினால் வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர் தானாகவே அளந்து காட்டுவார்.

4. காகிதங்கள்

இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கட்டாயம் வேண்டும். அதில் பேட்டரியின் மாடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். வெறும் "கார் பேட்டரி 1" என்று எழுதியது போதாது. வாரன்டி கார்டில் அதே சீரியல் நம்பர், விற்ற தேதி, வண்டி நம்பர், கடையின் முத்திரை, கையெழுத்து எல்லாம் வேண்டும். ஆர்.சி. நகலைக் கையோடு கொண்டுபோங்கள், சில இடங்களில் கேட்பார்கள். இப்போது பல கம்பெனிகள் வாரன்டியை ஆன்லைனில் பதிந்து போனுக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி வரும்வரை கடையிலேயே நில்லுங்கள். "சாயங்காலம் போட்டு விடுறேன்" என்றால் பெரும்பாலும் மறந்துபோகும்.

பில் சின்ன மெஷினில் அடித்துத் தருகிற வழுவழுத் தாளாக இருந்தால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில், அதுவும் வண்டி டேஷ்போர்டுக்குள் கிடந்தால், சில மாதத்தில் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். எழுத்தில்லாத பில்லை எந்த சர்வீஸ் சென்டரும் ஏற்காது.

வாரன்டி எத்தனை மாதம் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 48 மாதம் என்றிருந்தால், அதில் எத்தனை மாதம் முழுசாக மாற்றித் தருவது, எத்தனை மாதம் புரோ ரேட்டா (புதிதின் விலையில் ஒரு பங்கு மட்டும் தள்ளுபடி) என்று கேளுங்கள். 24-ம் 24-மாகப் பிரித்திருந்தால், முதல் இரண்டு வருடத்துக்குள் கெட்டால்தான் காசில்லாமல் கிடைக்கும். அதற்குப் பிறகு புதுப் பேட்டரியின் எம்.ஆர்.பி.யில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். கடைகளோ எம்.ஆர்.பி.க்குக் குறைத்துத்தான் வழக்கமாக விற்கின்றன. தவிர, புரோ ரேட்டாவில் போனால் பழைய பேட்டரியை அவர்களே வைத்துக்கொள்வார்கள், அதற்கான எக்ஸ்சேஞ்ச் தொகை கிடைக்காது. கணக்குப் போட்டால் சில சமயம் வாரன்டியை விட்டுவிட்டுப் பழையதைக் கொடுத்துப் புதிது வாங்குவதே லாபமாக இருக்கும். இரண்டு விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆகவே இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது இலவச மாற்றுக் காலத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

டாக்சியாக ஓடும் வண்டிக்கு வாரன்டி காலம் குறைவு. வாரன்டியில் மாற்றிக் கிடைத்த பேட்டரிக்குப் புதிதாகக் காலம் தொடங்காது, பழைய தேதியிலிருந்துதான் ஓடும்.

வாரன்டிக்குக் கொண்டுபோனால் உடனே மாற்றித் தர மாட்டார்கள். சார்ஜ் போட்டு, ஆறவைத்து, சோதித்துப் பார்க்க ஓரிரண்டு நாளாவது ஆகும். ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறை நடுவில் வந்தால் இன்னும் இழுக்கும். அதுவரை வண்டி ஓட ஸ்டேண்ட்பை பேட்டரி கேளுங்கள், பல கடைகளில் கொடுப்பார்கள். பேட்டரியை ஒப்படைக்கும்போது ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நியாயமான வாரன்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை தொடங்கிய இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 1915-லேயே வேலை முடிந்துவிடும்.

5. பழைய பேட்டரியை என்ன செய்வது

கடையிலேயே கொடுங்கள். எடையையும் அளவையும் பார்த்து விலை போடுவார்கள், புதிய பேட்டரி விலையில் அது கழியும். வாங்கும் முன்பே "பழசோடு எவ்வளவு, பழசில்லாமல் எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) போட்டால், அங்கே பலர் ஆசிட்டை ஓடையிலோ வாழைத் தோட்டத்து ஓரத்திலோ கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடுக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர் நம்முடையது. ஈயம் மண்ணில் இறங்கினால் முதலில் பாதிக்கப்படுவது பிள்ளைகள்.

6. கழற்றுவதும் மாட்டுவதும்

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். மாட்டியதும் டெர்மினலைச் சுற்றி வாசலைன் தடவுங்கள். கடற்கரைக்காரர்கள் மூன்று மாதத்துக்கொரு முறை துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் நல்லது. கிரீஸ் வேண்டாம், தூசி பிடித்துக் கெட்டியாகிவிடும். பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையைத் திரும்பப் போட்டார்களா என்றும் பாருங்கள். அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். பள்ளம் மேடு ரோட்டில் பேட்டரி குதித்துக் குதித்தே உள்ளே தகடு விட்டுவிடும்.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது: சிவப்பு வயரை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கருப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையை இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரிக்கு நேர்மேலே பொறி வரக் கூடாது, சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

7. ஷெட்டில் நிற்கும் கார்

மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வளைகுடாவில் இருப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் நிற்கின்றன. "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிடு" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் பயனில்லை. நின்ற நாட்களில் இறங்கியதையும் செல்ஃப் அடிக்க இழுத்ததையும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் முழுசாகத் திரும்ப நிரப்பவே முடியாது. யாராவது வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டிவிட்டு வர வேண்டும். ஓட்ட ஆளில்லை என்றால், போகும் முன் பேட்டரியை முழுச் சார்ஜ் செய்து மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அலாரம், டேஷ்கேம், ஜி.பி.எஸ். எல்லாம் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளம் ஏறிய வண்டியை, 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் பலருக்கு நேர்ந்ததுபோல், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். மைனஸைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வள்ளத்தில் பேட்டரி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜின் ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி, வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் வேறொன்று என்று பிரித்து வையுங்கள். விளக்கு எரிந்து ஒன்று இறங்கினாலும் கரையைக் கூப்பிட வழி இருக்கும். மூடியுள்ள பெட்டியில் கட்டி வையுங்கள். கடல்நீர் ஆசிட்டில் கலந்தால் குளோரின் வாயு வரும், அது மூச்சை அடைக்கும்.

8. வீட்டு இன்வெர்ட்டர்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை ஊர்களில் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு எந்த இன்வெர்ட்டரும் போதாது. மாதப் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துவது, காற்றில் மட்டை விழுந்து ராத்திரி போவது, இவற்றுக்குப் போதுமானதை வாங்குங்கள்.

கணக்கு எளிது. 150 ஏ.எச். பேட்டரியை 12-ஆல் பெருக்கினால் 1800 வாட் அவர். முழுவதையும் உறிஞ்சக் கூடாது, இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. கையில் கிடைப்பது ஏறத்தாழ 1150 என்று வையுங்கள். பழைய மாதிரி மூன்று சீலிங் ஃபேன் 225 வாட், ஐந்து எல்.இ.டி. பல்பு 50, வைஃபை பெட்டி 15. மொத்தம் 290. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும். அதே மூன்று ஃபேனையும் கரண்டு குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மொத்தம் 155-தான், ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இரண்டாவது பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றுங்கள், மின்கட்டணமும் குறையும். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், மோட்டார் எதையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டாம் என்று வயரிங் செய்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு, மணிக்கணக்கில் மெதுவாக இறங்குவதற்கென்றே குழாய் வடிவத் தகடு வைத்துச் செய்த டியூபுலர் வகையே சரி. கார் பேட்டரி ஒரு நொடிக்கு நிறைய கரண்டு தள்ளுவதற்காகச் செய்தது, மணிக்கணக்கில் மெதுவாக இறங்கினால் சீக்கிரம் கெடும். அதைக் கொண்டுவந்து இன்வெர்ட்டரில் கொடுக்காதீர்கள். 150 ஏ.எச். டியூபுலர் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினேழாயிரம் ரூபாய் வரை ஆகும், ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். மாடி வீடு என்றால் ஏற்றுக்கூலி யாருடையது என்று முன்பே பேசுங்கள். லித்தியம் வகை விலை கூடுதல், ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பல வருடம் கூடுதலாக உழைக்கும். இன்வெர்ட்டர் அதற்கேற்றதா என்று கேட்காமல் மாட்டிவிடாதீர்கள்.

வைக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். பூஜை அறை விளக்குக்குப் பக்கத்தில், அடுப்படியில், மூடிய அலமாரிக்குள் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மிதவைக் குறியைப் பார்த்து, பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆனபின், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர், மினரல் வாட்டர், மழைத் தண்ணீர் எதுவும் ஆகாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது, ஆவியாவது தண்ணீர்தான். குறிக்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது வெளியே வழிந்து தரையை அரிக்கும். கரண்டே போகாத மாதத்திலும் ஒருமுறை மெயினை நிறுத்தி ஒன்றிரண்டு மணி நேரம் இன்வெர்ட்டரில் ஓடவிடுங்கள்.

9. போன், பவர் பேங்க், ரிமோட்

போன் பேட்டரியைக் கெடுப்பது வெப்பம். வண்டி டேஷ்போர்டில் வெயிலில் வைத்துச் சார்ஜ் போடுவதும், தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும்தான் தீங்கு. சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே வைத்திருந்தால் நீண்டநாள் உழைக்கும், ஆனால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். மின் ஸ்கூட்டருக்கும் இதே கவனம்தான்: ஓட்டிவிட்டு வந்ததும் சூடு ஆறவிட்டு, கம்பெனி சார்ஜரிலேயே போடுங்கள். ராத்திரி முழுக்கப் படுக்கையறையிலோ வெளியே போகும் வாசல் வழியிலோ சார்ஜ் போட வேண்டாம்.

பவர் பேங்க்கில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எட்டிலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தாலும் போனுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 6,000-தான். அது ஏமாற்று வேலை இல்லை, 3.7 வோல்ட்டை 5-ஆக உயர்த்தும்போது கணக்கு அப்படி வரும், சூடாகவும் கொஞ்சம் போகும். இருபது ரூபாய்ப் பொம்மைபோல் லேசாக இருந்துகொண்டு 50,000 என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுபவர்கள் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். 100 வாட் அவர் வரை தடையில்லை, அதாவது 27,000 எம்.ஏ.எச். வரை. அளவு அழிந்துபோன பவர் பேங்க்கைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது, டிக்கெட்டோடு வரும் குறிப்பை வாசித்துவிடுங்கள்.

கார் சாவி, எடை மெஷின், பொம்மைகளில் இருக்கும் வட்டப் பேட்டரி சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பெரிய ஆபத்து. விழுங்கினால் தொண்டையில் நின்று இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். "வெளியே வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் பேட்டரியின் உறை இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பழைய வட்டப் பேட்டரியை எறியும்போது இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத டப்பாவில் சேர்த்து வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.